செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய பிறகு கோளாறு தெரிந்தால்: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

பாயா தெருபோங் பக்கமிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில், மூன்றாவது வளைவிலோ நான்காவது வளைவிலோ, என் கார் தன் குணத்தைக் காட்டியது. வாங்கி 19 நாள்தான் ஆகியிருந்தது. பின்சீட்டில் அம்மா. அழுத்தினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. திடீரென்று பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஓர் உதறல், அப்புறம் பாய்ந்தது. அம்மா பயந்துபோய், "யாராச்சும் மோதிட்டாங்களாப்பா?" என்று கேட்டார்.

மறுநாள் கடைக்குப் போன் போட்டேன். விற்ற பையன் சொன்னான்: "அண்ணே, செகண்ட் ஹேண்ட் காடின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். வாரண்டியில கேட்டுப் பாருங்க."

அந்த இரண்டு வரிகளையும் அப்போது நம்பினேன். நம்பியதில் இரண்டு வாரம் வீணானது. முதல் வேலைக்குச் சேர்ந்து முதல் கார் வாங்குகிற தம்பி தங்கைகளுக்கு அந்த இரண்டு வாரமாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோளாறு தெரிந்த முதல் சில நாளில் என்ன செய்கிறோம், எதை எழுத்தில் வைக்கிறோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

முதலில்: ஓட்டாதீர்கள், பிரிக்காதீர்கள்

கோளாறு தெரிந்த பிறகும் வேலைக்குப் போக வேறு வழியில்லை என்று தினமும் பாலத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், நாளைக்குக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்களே ஓட்டிக் கெடுத்திருக்கலாமே?" என்பதுதான். கோளாறு தெரிந்த அன்றே மீட்டரைப் படம் எடுங்கள். சத்தமோ புகையோ உதறலோ, வீடியோ எடுத்து வையுங்கள். வீடியோவில் தேதியையும் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு முடிந்தவரை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, தெரிந்த பட்டறையில் விட்டு உடனே பிரித்துப் போடுவது. கியர்பாக்ஸைப் பிரித்த பிறகு அது எப்படி இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது. வாரண்டி இருந்தால் அதுவும் போய்விடும். பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்களில், முன் அனுமதி இல்லாமல் பிரித்தால் பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

கடைக்குச் சம்பந்தமில்லாத ஃபோர்மேனிடம் காட்டுங்கள்

கடைக்காரர் சொல்கிற பட்டறைக்கு முதலில் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த, கடையோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒரு ஃபோர்மேனிடம் (மெக்கானிக்) காட்டுங்கள். பழுது பார்க்கச் சொல்ல வேண்டாம். பார்த்து, எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிறையில் எனக்குத் தெரிந்த ஃபோர்மேன் ஒருவர் இருக்கிறார். அவர் ஸ்கேனரைச் செருகும் முன்னே கியர் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். கருகிய வாடை. நல்ல கியர் எண்ணெய் சிவப்பாகவோ தெளிவாகவோ இருக்கும். இது காப்பி மண்டி மாதிரி இருந்தது. காலியான மினரல் வாட்டர் பாட்டிலில் அதை நிரப்பி மூடி, மேலே காரின் பதிவு எண்ணையும் தேதியையும் மார்க்கரில் எழுதிக் கொடுத்தார். "இது 19 நாள்ல கருக்கற எண்ணெய் இல்ல" என்றார். அந்த ஒரு வரியை அவருடைய பட்டறைத் தாளில், முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்டேன். பின்னால் எல்லாவற்றையும்விட உதவியது அந்தத் தாள்தான்.

அறிக்கையில் மூன்று விஷயம் வேண்டும்: கோளாறு என்ன, அது எவ்வளவு காலமாக இருந்திருக்கும், சரிசெய்ய எவ்வளவு ஆகும். இரண்டாவதுதான் முக்கியம். வாங்கும்போதே கோளாறு இருந்தது என்பதைக் காட்டத்தான் இத்தனை பாடும்.

ஒளித்து வைத்த கோளாறுகளுக்கு அடையாளம் உண்டு. பார்த்துக்கொண்டே வந்தால் நீங்களே சிலவற்றைப் பிடிக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று சந்தேகம் இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கடைக்காரர்கள் சீட்டைக் கழுவுவார்கள், கம்பளத்தை மாற்றுவார்கள். பெல்ட்டின் உள்ளே சுருண்டிருக்கும் கடைசி இரண்டடியை யாரும் கழுவுவதில்லை, அங்கே சேற்றுக் கோடு இருக்கும். அப்புறம் சீட்டின் கீழே தண்டவாளத்தில் துரு, ஸ்பேர் டயர் குழியில் மணல், வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை மாதிரி அரிப்பு. 2017 நவம்பரில் பினாங்கும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கமும் எப்படி மூழ்கின என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கார்கள் எல்லாமே பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மீட்டர் திருப்பியிருந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். மீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் ஸ்டீயரிங் தோலும் பிரேக் பெடலின் ரப்பரும் வழுக்கிப் போயிருக்கின்றன என்றால் சந்தேகப்படுங்கள். நேர் வழி, அந்தக் கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்பது. இப்போது கார் உங்கள் பெயரில் இருப்பதால் கிராண்டையும் (வண்டியின் பதிவுச் சான்று) ஐ.சி.யையும் (அடையாள அட்டை) காட்டி, பழைய சர்வீஸ் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று வருஷம் முன்னால் 1,10,000 என்று பதிவாகியிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, அந்தப் பதிவை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

சாவியை ஆன் பக்கம் திருப்பும்போது டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். பானட் திருகுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் முன்பக்கம் ஒருமுறை அவிழ்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு காரை வெட்டி ஒட்டிய கதையென்றால் கீழே தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். சேசிஸ் எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் இருந்தால் அது கடைக்காரரோடு பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை, நேராக ஜே.பி.ஜே. என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் காவல் நிலையத்துக்கும் போங்கள்.

"புஸ்பகோம் பாஸ் ஆன காடிதானே" என்று ஒரு பதில் வரும். புஸ்பகோம் என்பது வாகனச் சோதனை நிறுவனம். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, முக்கியமாக இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிற சோதனை. கியர்பாக்ஸின் உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த பதிலைக் கேட்டு வாயடைத்துப் போக வேண்டாம்.

காகிதங்களைச் சேருங்கள், இன்றைக்கே

கடை இணையத்தில் போட்ட விளம்பரம் இன்னும் இருந்தால் முதலில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் புகார் சொன்ன மறுநாள் அது காணாமல் போகும். "விபத்து இல்லை, வெள்ளம் இல்லை, ஒரே உரிமையாளர், டிப் டாப் கண்டிஷன்" என்று அதில் இருப்பதெல்லாம் உங்கள் பக்கத்துச் சாட்சி. விற்பனை ஒப்பந்தம், டெபாசிட் ரசீது, புஸ்பகோம் அறிக்கை, வாட்ஸப் பேச்சு, வாரண்டிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். வாட்ஸப்பில் குரல் செய்தி வந்திருந்தால் அதைக் கேட்டு, சொன்னதை எழுத்தில் இறக்கி வையுங்கள்.

அப்புறம் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம். கடை வாசலில் பலகையில் இருக்கிற பெயரும் நிறுவனப் பதிவிலுள்ள பெயரும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். என் விஷயத்தில் பலகையில் ஒரு பெயர், ரசீதின் அடியில் வேறொரு பெயர், பணம் போன கணக்கு மூன்றாவது பெயரில். நீங்கள் வழக்குப் போட வேண்டியது பதிவான பெயர் மேல். எஸ்.எஸ்.எம். என்கிற நிறுவன ஆணையத்தில் சின்னக் கட்டணம் கட்டி அந்தப் பெயரையும் முகவரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தப்பினால் தீர்ப்பு கையில் இருந்தும் வசூலிக்க முடியாமல் போகும்.

சட்டம் உங்களுக்கு என்ன கொடுக்கிறது

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் புதுப் பொருளுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. வியாபாரமாகக் கார் விற்கிற கடை, பழைய காரை விற்றாலும், அது ஏற்றுக்கொள்ளத்தக்க தரத்தில் இருக்கிறது என்று சட்டப்படி உத்தரவாதம் கொடுத்ததாகவே கணக்கு. அது 32ஆம் பிரிவு. பழைய கார் புதுக் கார் மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. விலையும் வயதும் பார்க்கப்படும். பத்து வருஷக் காரில் ஏர்கான் கொஞ்சம் மெதுவாகக் குளிர்கிறது என்று வழக்குப் போட்டால் சிரிப்பார்கள். 31,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய காரில் மூன்றாவது வாரம் கியர்பாக்ஸ் போனால் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கவனியுங்கள். விற்கும் முன்பே கோளாறை உங்களிடம் குறிப்பாகச் சொல்லியிருந்தால் அந்தக் கோளாறுக்காகப் பின்னால் கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் கையால் எழுதிச் சேர்த்த வரிகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "கியர் செக் செய்ய வேண்டும்" என்று எங்காவது ஒரு மூலையில் எழுதி உங்கள் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

"உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, திரும்பப் பெற முடியாது" என்று அச்சடித்த வரி இருக்கிறதே? பெரும்பாலான கடை ஒப்பந்தங்களில் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளராதீர்கள். இந்தச் சட்டத்தின் உரிமைகளை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது.

கோளாறு சரிசெய்யக்கூடியதாக இருந்தால், நியாயமான கால அவகாசத்தில் சரிசெய்து தரும்படி முதலில் கடையைக் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வேறு இடத்தில் சரிசெய்து அந்த நியாயமான செலவைக் கேட்கலாம், அல்லது காரையே வேண்டாம் என்று திருப்பிவிடலாம். சரிசெய்யவே முடியாத கோளாறு, அல்லது முன்பே தெரிந்திருந்தால் யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள் என்கிற அளவு பெரிய கோளாறு என்றால் நேரடியாகவே திருப்பலாம், அல்லது காரை வைத்துக்கொண்டு மதிப்புக் குறைந்ததற்கு ஈடு கேட்கலாம். ஆனால் திருப்புகிற உரிமை காத்துக்கொண்டே இருக்காது. நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் போய்விடும். நான் இரண்டு வாரம் வீணாக்கியது இந்த இடத்தில்தான்.

இந்தச் சட்டம் வியாபாரிக்கு எதிராகத்தான் உதவும். பக்கத்து வீட்டு அங்கிள் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் இந்த வழி கிடையாது. அதேபோல் காரைக் கம்பெனிப் பெயரில் தொழிலுக்கென்று வாங்கியிருந்தாலும் சிக்கல்.

எழுதுங்கள், பிறகு பேசுங்கள்

கடைக்கு நேரில் போய்க் கத்துவதில் ஒரு பயனும் இல்லை. நான் கத்தியிருக்கிறேன். தௌக்கே (கடை முதலாளி) எனக்கு ஒரு டின் குளிர்பானம் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவது வசதி, ஏனென்றால் பின்னால் அதே தாள்தான் விசாரணைக்கும் போகும். வாங்கிய தேதி, விலை, பதிவு எண், கோளாறு தெரிந்த தேதியும் மீட்டரும், ஃபோர்மேன் அறிக்கை சொல்வது, உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். இவ்வளவு போதும். "உங்களை விடமாட்டேன்" என்கிற வரியெல்லாம் வேண்டாம். 14 நாள் கொடுங்கள். போஸ் லாஜு கூரியரில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அதே கடிதத்தை வாட்ஸப்பிலும் போடுங்கள். நீலக் கோடு விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட்.

அவர்கள் போனில் கூப்பிட்டுப் பேசினால் பேசுங்கள். போனை வைத்ததும், "இப்போது நீங்கள் சொன்னபடி, வெள்ளிக்கிழமை காரைக் கொண்டு வருகிறேன், செலவை நீங்கள் ஏற்பீர்கள்" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அது பதிவுதான்.

வாரண்டியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல கடைகள் கொடுக்கிற வாரண்டி அவர்களுடையதே இல்லை, வெளியே ஒரு வாரண்டி நிறுவனத்துடையது. அதற்கு உச்சவரம்பு, குறிப்பிட்ட பட்டறை, தவறாத சர்வீஸ் என்று ஆயிரம் நிபந்தனை. கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் லாபம். ஆனால் வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதால் கடையின் சட்டப் பொறுப்பு தீர்ந்துவிடாது. "வாரண்டியில கேட்டுப் பாருங்க" என்ற அந்தப் பையனிடம் அன்றைக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வங்கித் தவணையை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் எல்லோருக்கும் தோன்றுவது இது: "காடி ஓடல, நான் ஏன் கட்டணும்?" கட்ட வேண்டும். கடன் ஒப்பந்தம் வங்கியோடு. அதில் இது பழைய வண்டி, தரத்துக்கு வங்கி பொறுப்பில்லை என்கிற வரியின் கீழ் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் பழைய பொருளுக்கு அப்படிப் போட அனுமதிக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் நோட்டீஸ் கொடுத்து வண்டியை இழுத்துக்கொண்டு போகும் நிலை வரும். கடைக்காரரோடு ஒரு சண்டை, வங்கியோடு இன்னொரு சண்டை என்று இரண்டையும் தாங்க முடியாது. கடைக்கு அனுப்பிய கடிதத்தின் நகலை வங்கிக்கும் அனுப்பிவிட்டு, தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள். காரைத் திருப்பப் போகிறீர்கள் என்றால் வங்கிக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்.

14 நாள் முடிந்தும் பதில் இல்லையா? ஐந்து வெள்ளி எடுங்கள்

அடுத்துப் போக வேண்டிய இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனல் துந்துதான் பெங்குனா. வழக்குக் கட்டணம் 5 வெள்ளி. ஒரு தட்டு நாசி கண்டார்கூட இப்போது அதைவிட அதிகம். வழக்கறிஞர் வேண்டாம், வைத்துக்கொள்ளவும் முடியாது. கடைக்காரரும் வழக்கறிஞரைக் கூட்டிவர முடியாது என்பதுதான் இதன் அழகு.

2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கேட்கலாம். முன்பு 25,000தான். உங்கள் கோரிக்கை 55,000 என்றால் மேலே உள்ள 5,000ஐ விட்டுக்கொடுத்து இங்கேயே வரலாம், ஆனால் கோரிக்கையை இரண்டாக உடைத்து இரண்டு வழக்காகப் போட முடியாது. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். அதே விஷயத்தை நீதிமன்றத்துக்கும் கொண்டு போகக் கூடாது.

பாரம் 1 என்கிற வழக்குப் படிவத்தை நிரப்புங்கள். என்ன நடந்தது என்று எழுதும் கட்டம் சின்னது, "இணைப்பைப் பார்க்கவும்" என்று போட்டு ஒரு பக்கம் தேதிவாரியாக எழுதிச் சேருங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 14 நாள் உண்டு. விசாரணை நாளில் எல்லா ஆவணத்துக்கும் மூன்று நகல், அசல் தனியாக. போகாமல் இருந்துவிடாதீர்கள், வழக்கைத் தள்ளிவிடலாம். கடைக்காரர் வராவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பு வரலாம்.

மீட்டர் திருப்பியது, விளம்பரத்தில் பொய் சொன்னது என்றால் கூடவே உள்நாட்டு வாணிப அமைச்சிலும் புகார் செய்யுங்கள். 2011 வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். அமைச்சு விசாரித்து நடவடிக்கை எடுக்கும், ஆனால் உங்கள் பணத்தை வாங்கித் தருவது நடுவர் மன்றம்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால், மஸ்ஜித் நெகிரி சாலையில் இருக்கிற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். தமிழில் பேசலாம்.

என் வழக்கில் விசாரணை அறைக்குள் நாங்கள் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. பாட்டிலை மேசை மேல் வைத்தேன். ஃபோர்மேனின் தாளை நடுவர் மன்றத் தலைவர் படித்தார். கடை சார்பில் வந்தவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறீர்களா என்று தலைவர் கேட்டார். நடைவழியில் நின்று பேசினோம். பழுதுச் செலவு 5,600 வெள்ளி, கடை சார்பில் வந்தவர் 3,000 என்றார், கடைசியில் 4,900க்கு வந்தது. நான் ஒப்புக்கொண்டேன். இன்னும் இழுத்திருக்கலாம் என்று என் மைத்துனர் இன்றுவரை சொல்கிறார்.

"அடுத்த வாரம் வாங்கண்ணே, செக் தர்றேன்" என்றார் அவர். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நடைவழி ஒப்பந்தத்தோடு வீட்டுக்குப் போகாதீர்கள். மறுபடி அறைக்குள் போய், சமரசத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவானால் அது தீர்ப்புக்குச் சமம். 14 நாளில் தராவிட்டால் குற்றம், மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு போலவே நிறைவேற்றவும் செய்யலாம். கையெழுத்துப் போடும் முன் தொகை, கடைசித் தேதி, கடையின் பதிவுப் பெயர் மூன்றையும் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். என் தாளில் நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. திருத்தி, மறுபடி அச்செடுத்து, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பணம் பன்னிரண்டாம் நாள் வந்தது.